அந்த 'அல்லது'வை எடுத்துவிடலாமே!

டிஸ்கி: நான் பொட்டி தட்டுகிறவன் இல்லை. படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். ஆகவே கம்ப்யூட்டர் விற்பன்னர்கள் யாராவது 'இதெல்லாம் ஒமக்கு எதுக்குவே?' என்று கேட்டால் கேள்வி நியாயமானதுதான். பதிலும் என்னிடம் இருக்கிறது, கீழே.

பொங்கலுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே மஸ்கட்டில் வெள்ளியும் சனியும்தான் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று பார்த்தால், பன்னிரண்டாவது படிக்கும் மகன் லேப்டாப்போடு வந்து நின்றான்.

பள்ளிக்கூட ப்ராஜெக்ட். பைத்தானில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அது மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸில் போய்த் தகவலை எழுத வேண்டும், கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வருஷா வருஷம் 'லைப்ரரி மேனேஜ்மென்ட்', 'ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட்' என்று ஒரே சரக்கைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்து, நிஜமாகவே உபயோகப்படுகிற ஒன்றைச் செய்யேன் என்று நான்தான் தூண்டிவிட்டிருந்தேன். (சுயநலமும் உண்டு. எங்கள் பொங்கல் சாப்பாட்டுக்குக் கூப்பன் போடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.) குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எத்தனை ரியால் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

"அப்பா, எல்லாம் ஏறிடுச்சு. இந்த அங்கிள் பேரு மட்டும் ஏற மாட்டேங்குது."

"எந்தப் பேரு மக்ளே?"

காட்டினான். தூத்துக்குடிக்காரர். பெயரின் கடைசியில் டி'குரூஸ். ஆங்கிலத்தில் 'டி'க்கும் 'குரூஸு'க்கும் நடுவில் மேலே ஒரு குட்டிக் கொம்பு தொங்குமே, அந்த அபாஸ்ட்ரஃபி. அதை அடித்து என்டர் தட்டினால், உன் எஸ்க்யூஎல் இலக்கணத்தில் பிழை என்று சிவப்பாக எழுதிவிட்டு புரோகிராம் படுத்துவிடுகிறது.

"சார்கிட்ட கேட்டேன்ப்பா. அந்தக் குறிய எடுத்துட்டு அடிச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. அதான் கேக்க வந்தேன், எடுத்துரட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஒரு மனிதரின் பெயரில் கை வைப்பது என்றால் என்ன என்று தெரியும். ஊருக்குப் பணம் அனுப்பி, அங்கே 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்த கதை உங்களில் எத்தனை பேருக்கு இல்லை? இனிஷியல் முன்னால் வந்தது, பின்னால் வந்தது, அப்பா பெயர் சர்நேம் ஆனது, ஒரு 'எச்' கூடியது, ஒரு 'ஏ' குறைந்தது. ஆஸ்பத்திரியில் பணத்துக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கு இந்த ஒரு எழுத்தினால் மூன்று நாள் தாமதம். கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் நின்று அனுபவித்தும் இருக்கிறேன்.

பாஸ்போர்ட்டிலேயே அந்தக் குறியை விட்டுவிடுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பாஸ்போர்ட்டின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக அம்புக்குறி மாதிரி நிரப்பிய இரண்டு வரி இருக்கும். சர்வதேச விதிப்படி அங்கே அபாஸ்ட்ரஃபி வராது, விட்டுவிட்டு எழுத்துகளைச் சேர்த்து அடிக்க வேண்டும். அது யோசித்து, எழுதிவைத்து, எல்லா நாடும் ஒரே மாதிரி செய்யும் விதி. 'என் புரோகிராம் நின்றுபோகிறது, அதனால் உம் பெயரை வெட்டுகிறேன்' என்பது விதி இல்லை, நம் சோம்பேறித்தனம். உவரியில் பிறந்து, 'கொற்கை' நாவலுக்கு 2013-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய ஜோ டி குருஸின் பெயரை ஆங்கிலத்தில் அந்தக் குறியோடு அடித்தால் அந்த புரோகிராம் அவரையும் உள்ளே விடாது!

"எடுக்காத. கோடைக் காட்டு பாப்போம்" என்றேன். அன்றைய தூக்கம் போச்சு.

இந்த இடத்தில், கம்ப்யூட்டர் பக்கம் போகாத பெற்றோருக்காக (முக்கியமாக என்னைப் போன்ற காமர்ஸ் கோஷ்டிக்காக) நடப்பது என்னவென்று என் பாஷையில் சொல்லிவிடுகிறேன். இதற்கு உங்களைக் கொஞ்சம் வெள்ளறடைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர் ஷீட் விற்ற காசை ஊர் வங்கியில் போட்டு வைத்திருந்தாள். பணம் எடுக்கும் சீட்டு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டில் பேசுவதோ தமிழ். அதனால் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த என்னைக் கையோடு கூட்டிப்போவாள். முதல் தடவை நான் எழுதிய சீட்டைக் காஷியர் திருப்பித் தந்துவிட்டார். கணக்கு எண், பெயர், தொகை எல்லாம் சரி. ஆனால் எழுத்தால் எழுதிய தொகைக்கு முன்னால் நிறைய இடம் விட்டிருந்தேன், பின்னால் 'மட்டும்' என்று போட்டுக் கோடு இழுக்கவில்லை. அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: கட்டத்துக்கு உள்ளே இருப்பது உங்களுடையது, கட்டத்துக்கு வெளியே அச்சடித்திருப்பது வங்கியுடையது. நீங்கள் எழுதியது கட்டத்தை விட்டு வெளியே நீளவும் கூடாது, வேறொருவன் வந்து நீட்டுவதற்கு இடம் விடவும் கூடாது.

டேட்டாபேஸோடு புரோகிராமை இணைப்பது என்றால் கிட்டத்தட்ட ஆச்சி வங்கிக்குப் போன கதைதான். முதலில் கதவு: எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பயனர், என்ன பாஸ்வேர்ட், எந்த டேட்டாபேஸ் என்று சொல்லி உள்ளே நுழைய வேண்டும். இதைக் 'கனெக்ட்' என்கிறார்கள். பிறகு 'கர்சர்' என்று ஒருவரைக் கேட்டு வாங்க வேண்டும், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சீட்டை நீட்டுவது 'எக்சிக்யூட்'. அவர் தருவதை வாங்கிக்கொள்வது 'ஃபெட்ச்'. ஏதாவது எழுதியிருந்தால் 'கமிட்' சொன்னால்தான் பேரேட்டில் ஏறும், சொல்லாமல் வந்துவிட்டால் எழுதியது எழுதியதாகாது. (மகன் முதல் நாள் நாற்பது குடும்பத்தை அடித்துவிட்டு கமிட் சொல்ல மறந்து, மறுநாள் திறந்தால் பட்டியல் காலி. அழாத குறை.) கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும்.

எல்லா டுடோரியலும் இந்தக் கதவு திறப்பதைத்தான் பெரிய சாதனையாகக் காட்டுகின்றன. 'கனெக்டட் சக்சஸ்ஃபுலி' என்று திரையில் வந்துவிட்டால் கைதட்டு. எனக்கென்னவோ கதவு திறப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கவுண்டரில் நீட்டுகிற சீட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

மகனின் சீட்டைப் பார்த்தேன். எஸ்க்யூஎல் பாஷையைத் தமிழில் எழுதினால் இப்படி:

பட்டியலில், பெயர் = 'முருகன்' என்று இருக்கும் வரியைக் காட்டு.

'முருகன்' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறதல்லவா, அதுதான் கட்டம். பயனர் தட்டும் பெயரை புரோகிராம் எடுத்து, இரண்டு மேற்கோள் குறிக்கும் நடுவில் ஒட்டி, முழு வாக்கியத்தையும் ஒரே சரமாகக் கட்டி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது. அபாஸ்ட்ரஃபியும் ஒற்றை மேற்கோள் குறியும் அங்கே ஒரே எழுத்து. ஆக நம் தூத்துக்குடிக்காரர் வந்தால்:

பட்டியலில், பெயர் = 'டி'குரூஸ்' என்று இருக்கும் வரியைக் காட்டு.

டேட்டாபேஸ் என்ன செய்யும்? 'டி' என்பதோடு பெயர் முடிந்தது, கட்டம் மூடியது என்று நினைக்கும். மிச்சமிருக்கும் 'குரூஸ்' அதற்கு ஒரு கட்டளை. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. படுத்துவிடும். தப்பு அவர் பெயரில் இல்லை. நாம் கொடுத்தது கட்டம் போட்ட சீட்டே இல்லை, ஒரு வெள்ளைத்தாள். அதில் வங்கியின் எழுத்தும் வாடிக்கையாளரின் எழுத்தும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் கலந்து கிடக்கின்றன.

படுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. விஷமக்காரன் ஒருவன் பெயர் கேட்கும் இடத்தில் இப்படித் தட்டுகிறான் என்று வையுங்கள்: எவனோ' அல்லது '1'='1

வாக்கியம் இப்படி ஆகிவிடும்:

பட்டியலில், பெயர் = 'எவனோ' அல்லது '1'='1' என்று இருக்கும் வரியைக் காட்டு.

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஆகவே எல்லா வரியும் 'ஆம்'. மொத்தப் பட்டியலும் வெளியே வந்து விழும். ஒரே ஒரு 'அல்லது'. மகனிடம் சொல்லித் தட்டச் சொன்னேன். நூற்றுச் சொச்சம் குடும்பத்தின் பெயரும் அவர்கள் கொடுத்த ரியாலும் திரையில் ஓடின. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இதற்கு 'எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன்' என்று பெயர். 1998 டிசம்பரில் 'ஃப்ராக்' என்ற ஹேக்கர் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் புனைபெயரில் எழுதிய கட்டுரைதான் இதைப் பற்றி வெளியில் வந்த முதல் எழுத்து என்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. அதன்பின் நடந்தவை சாதாரணமில்லை. அமெரிக்காவில் ஹார்ட்லாண்ட் என்ற கார்டு பணப்பரிமாற்ற நிறுவனத்துக்குள் இந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். சுமார் 13 கோடி கார்டு எண்கள் போயின. அந்தக் கும்பலின் தலைவனுக்கு 2010-ல் 20 வருஷம் சிறை. பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனம் 2015-ல் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரத்தைப் பறிகொடுத்து, மறு வருஷம் 4,00,000 பவுண்ட் அபராதம் கட்டியது. 2023-ல் மூவிட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே ஓட்டை திரும்ப வந்து உலகம் முழுக்க நிறுவனங்களை ஆட்டிவைத்தது. இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் அபாயப் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்று தடவையும் முதலிடம் இந்த இன்ஜெக்ஷன் வகைக்குத்தான்.

இத்தனைக்கும் மருந்து கஷ்டமானதா? இல்லை. அதுதான் என் ஆத்திரமே.

மருந்து இதுதான். வாக்கியத்தை வாடிக்கையாளரின் எழுத்து இல்லாமல் தனியாக அனுப்பு, அவர் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் மட்டும் போடு, மதிப்பைத் தனியாகக் கொடு. பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் பேசும்போது அந்தக் கட்டத்துக்கு அடையாளம் % குறியும் 'எஸ்' எழுத்தும். எஸ்க்யூலைட்டில் வெறும் கேள்விக்குறி. உள்ளே நடப்பது கருவிக்குக் கருவி கொஞ்சம் வேறுபடும். சிலவற்றில் டேட்டாபேஸ் வாக்கியத்தை முதலில் படித்து அர்த்தம் பண்ணி வைத்துக்கொள்ளும், மதிப்பு பின்னால் தனியாக வந்து சேரும். சிலவற்றில் இணைப்பு மென்பொருளே அந்த அபாஸ்ட்ரஃபிக்கு முன்னால் ஒரு காப்பு எழுத்தைப் போட்டு, 'இது பெயரின் பகுதி, கட்டத்தின் முடிவு இல்லை' என்று காட்டிவிடும். எப்படியானாலும் ஆச்சியின் சீட்டு மாதிரி, அவள் எழுதியது கட்டத்துக்குள்ளேயே நிற்கும். டி'குரூஸ் முழுசாக உள்ளே போவார். 'எவனோ அல்லது' என்று தட்டினால், அப்படி ஒரு விசித்திரப் பெயருடைய ஆளை டேட்டாபேஸ் தேடிப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று சொல்லிவிடும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். பைத்தானில் அதே % குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு, சரத்துக்குள் சொல்லை ஒட்டுவது. எக்சிக்யூட் என்று எழுதி, வாக்கியத்துக்கும் மதிப்புக்கும் நடுவில் கமா போட்டால் அது கட்டம் போட்ட சீட்டு. கமாவுக்குப் பதிலாக % போட்டால் அது வெள்ளைத்தாள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முருகனுக்கும் பாத்திமாவுக்கும் இரண்டும் வேலை செய்யும். டி'குரூஸ் வரும்வரை வித்தியாசமே தெரியாது. என் மகன் போட்டிருந்தது %. ஒரு கமா!

சரி, பையன் தப்புச் செய்தான், திருத்திவிட்டோம், அதற்கு ஒரு பதிவா என்று கேட்பீர்கள். பையன் தப்புச் செய்யவில்லை மக்களே. அவன் பாடத்தைத்தான் செய்தான்.

நம் வளைகுடாப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது சிபிஎஸ்இ. பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ், பாட எண் 083. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 20 டேட்டாபேஸ் பகுதிக்கு. சமீப வருஷங்களின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பைத்தானை எஸ்க்யூஎல்லோடு இணைப்பது என்ற தலைப்பில் கனெக்ட், கர்சர், எக்சிக்யூட், கமிட், ஃபெட்ச் எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் வினவல்களுக்கு % எஸ்ஸைப் பயன்படுத்தலாம் அல்லது 'ஃபார்மட்'டைப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஃபார்மட் என்பது சுத்தமாக ஒட்டு வேலை. அதில் கட்டமே கிடையாது. % எஸ் பாதுகாப்பா இல்லையா என்பது அந்தக் கமாவைப் பொறுத்தது. பாடத்திட்டமோ அதையும் 'ஃபார்மட் ஸ்பெசிஃபையர்' என்று, சொல் ஒட்டும் கருவியின் பெயராலேயே அழைக்கிறது. நடுவில் ஒரு 'அல்லது'. இதுவும் சரி, அதுவும் சரி, உன் இஷ்டம் என்று பிள்ளைகளிடம் சொல்கிற 'அல்லது'. அந்த விஷமக்காரன் தட்டிய சொல்லும் அதேதான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலையும் புரட்டினேன். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகம், தமிழ் வழியிலும் உண்டு. பைத்தானை எஸ்க்யூலைட்டோடு இணைக்க அதில் தனிப் பாடமே இருக்கிறது. நம் மொழியில், நம் அரசாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இது கிடைக்கிறது என்பதற்கே எழுந்து நின்று கைதட்டலாம். மாணவர் பட்டியலில் பல பேரைச் சேர்க்கும் எடுத்துக்காட்டில் அவர்களும் ஃபார்மட் போட்டு ஒட்டித்தான் காட்டுகிறார்கள். ஆனால் பின்னால் பயனரிடமிருந்து தகவல் வாங்கும் இடத்தில் அழகாகக் கேள்விக்குறி முறைக்கு வந்துவிடுகிறார்கள். அதில் சிபிஎஸ்இ-யை விட இவர்கள் ஒரு படி மேல். அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி 'ஏன்' என்று விளக்கினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

2000-களில் மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் சென்டர்களில் எங்கள் சொந்தக்காரப் பையன்கள் பிஎச்பி படித்தார்கள். அவர்கள் கையில் கிடைத்த பழைய மைஎஸ்க்யூஎல் கருவியில் கட்டம் போட்ட சீட்டு என்ற வசதியே கிடையாது. ஒட்டித்தான் ஆகவேண்டும், காப்பு எழுத்தை நாமே ஞாபகமாகப் போட வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிஎச்பி அந்தக் கருவியை 2013-ல் வேண்டாம் என்று சொல்லி, 2015 கடைசியில் வந்த ஏழாம் பதிப்பில் தூக்கியே எறிந்துவிட்டது. கருவி செய்கிறவர்கள் பழசைக் கைவிட்டு இத்தனை வருஷமாகிறது. பாடத்திட்டம் மட்டும் இன்னும் 'அல்லது' போட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

இதை என் நண்பர் ஒருவரிடம் கொட்டினேன். பேச்சிலராக ஒரே ரூமில் தங்கியிருந்தவர், இப்போது சாஃப்ட்வேரில் பெரிய ஆள். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல ஓடட்டும்யா. ஆரம்பத்துலயே பாதுகாப்பு அது இதுன்னு பயமுறுத்தினா பையன் புத்தகத்தை மூடிருவான். வேலைக்கு வந்தப்புறம் கத்துக்குவான்" என்றார். மேலும், இப்போதெல்லாம் யாரும் எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதுவதில்லை, அதற்கென்று கருவிகள் இருக்கின்றன, ஏஐ-யைக் கேட்டால் எழுதித் தந்துவிடும் என்றார்.

முதல் வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கட்டம் போட்ட முறை கஷ்டமாக இருந்தால் சரி, பிறகு சொல்லித்தரலாம். ஆனால் அது ஒட்டுவதைவிடச் சுலபம்! மேற்கோள் குறியை எங்கே திறந்தோம், எங்கே மூடினோம் என்று எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். என் மகன் மேற்கோள் குறி எண்ணியே இரண்டு நாள் தொலைத்தான். கமா போட்டதும் ஒரு வரியில் முடிந்தது. சுலபமானதும் சரியானதும் ஒன்றாகவே இருக்கும்போது, கஷ்டமான தப்பை முதலில் சொல்லித்தருவது என்ன ஞாயம்? புதிதாக வேலைக்குச் சேரும் காஷியரிடம் 'முதல் மாசம் எண்ணாமல் கொடு, அப்புறம் எண்ணக் கற்றுக்கொள்' என்று எந்த மேனேஜராவது சொல்வாரா?

இரண்டாவது வாதம் பாதி சரி. கருவிகள் பெரும்பாலும் கட்டம் போட்டே அனுப்புகின்றன. ஆனால் ஒவ்வொரு கருவியிலும் 'நானே நேராக எழுதிக்கொள்கிறேன்' என்று ஒரு பின்வாசல் உண்டு. அவசரத்துக்கு எல்லாரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஏஐ எழுதித் தந்தாலும் அது தந்தது சீட்டா வெள்ளைத்தாளா என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டுமே. பதினேழு வயதில் இரண்டும் ஒன்றுதான் என்று படித்த பிள்ளைக்கு அந்தக் கண் எங்கிருந்து வரும்?

கட்டம் எல்லா இடத்துக்கும் உதவாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மகன் உற்சாகத்தில், பட்டியலைப் பெயர்வாரியாகவா தொகைவாரியாகவா வரிசைப்படுத்துவது என்பதையும் பயனரிடம் கேட்டு, அதையும் அதே மாதிரி கட்டத்தில் போட்டான். வரிசையே மாறவில்லை. பட்டியலின் பெயர், பத்தியின் பெயர் எல்லாம் வாக்கியத்தின் எலும்பு. வங்கி அச்சடிக்கும் பகுதி. வாடிக்கையாளர் நிரப்பும் கட்டத்தில் அவை வராது. அதற்கு வழி, 'பெயர்', 'தொகை' என்ற இரண்டை மட்டும் புரோகிராமில் எழுதிவைத்து, இரண்டில் எது என்று கேட்பது. பயனர் தட்டியதை அப்படியே எடுத்து ஒட்டாமல், நம் பட்டியலில் இருந்து நாம் எடுத்துப் போடுவது. இது எனக்குத் தெரியாது, மேற்படி சிரித்த நண்பர்தான் போனில் சொல்லித்தந்தார். நன்றிய்யா.

இன்னொன்றையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கோடில் முதல் சில வரியில் 'ரூட்' என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ரூட் என்றால் அந்த டேட்டாபேஸின் சர்வாதிகாரி, எதையும் அழிக்கலாம். கூப்பன் போடும் புரோகிராமுக்கு எதற்கு அந்த அதிகாரம்? எங்கள் வேலையில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். கவுண்டர் கிளார்க் கையில் இரண்டையும் கொடுத்து அனுப்ப மாட்டோம். அந்த ஒரு பட்டியலில் எழுதவும் படிக்கவும் மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரை உண்டாக்குவது பத்து நிமிஷ வேலை.

இவ்வளவும் ஒரு பி.காம். ஆசாமிக்கு எப்படிப் புரிந்தது என்றால், இந்த விஷயத்தின் மூலபுருஷரே வங்கி பாஷையில்தான் பேசினார். எட்கர் காட், ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தவர், 1970-ல் எழுதிய கட்டுரையில்தான் ரிலேஷனல் டேட்டாபேஸ் பிறந்தது. அதன் தலைப்பிலேயே 'பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகள்' என்று வருகிறது. (ரிலேஷன் என்றால் மாமன் மச்சான் உறவில்லை. வரியும் பத்தியுமாக இருக்கும் அட்டவணைக்குக் கணிதத்தில் அதுதான் பெயர். நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.) பலர் பகிர்ந்துகொள்வது என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தன் நோட்டில் தான் எழுதுபவனுக்குச் சீட்டு வேண்டாம். ஊரே வந்து நிற்கும் கவுண்டருக்குத்தான் சீட்டு வேண்டும்.

ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரக் கடைசியில் பக்கத்தில் உட்காருங்கள். கோடு புரிய வேண்டாம். பெயர் கேட்கும் இடத்தில் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் குறியோடு தட்டுங்கள். ஓ'பிரையன் என்றாலும் சரி. புரோகிராம் படுத்துவிட்டால் எக்சிக்யூட் என்ற வரியைத் தேடச் சொல்லி, நடுவில் இருப்பது கமாவா % குறியா என்று பாருங்கள். ஃபார்மட் என்ற சொல் அங்கே தென்பட்டால் எடுக்கச் சொல்லுங்கள். 'ரெண்டுக்கும் மார்க் உண்டுப்பா' என்பான். உண்டுதான். இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் போன கூட்டத்தில் கேட்டேன். சார் முதலில் முறைத்தார். நான் ஆச்சியின் சீட்டுக் கதையைச் சொன்னதும் அமைதியாகி, "அடுத்த பேட்சுக்கு கமாவை மட்டும் சொல்லித்தர்றேன்" என்றார். நல்ல மனிதர். பாடத்திட்டத்தில் இருப்பதை அவர் என்ன செய்வார்? சிபிஎஸ்இ-க்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும்.

பொங்கல் சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. தூத்துக்குடி அண்ணாச்சி கூப்பனை வாங்கினார், பெயரைப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்குத்தான் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.